ஒரு துளை செய்த வேலை

துப்பாக்கியைச் சுட்டதும் குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது. தோட்டாவின் பித்தளைக் கூடு மட்டும் எஞ்சுகிறது. தோட்டாவில் விலை மிகுந்த உறுப்பும் பெரும்பாலும் அதுவே. அதை வீசிவிடாமல் வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. இவ்வழக்கம் அங்கு வேரூன்ற ஒரு சிறு துளை பெரிதும் உதவியது என்பதை அறிந்தபோது நான் வியந்தேன்.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: கூடு, குண்டு, மருந்து, அடியில் பதிக்கும் கேப்பு. தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் கேப்பைப் போல, அடிபட்டதும் தீப்பொறி தருவது இது. அந்த அடியைத் தாங்க ஒரு சிறு பட்டறைக்கல் வேண்டும். அதை எங்கே வைப்பது?

அமெரிக்கரான ஹைரம் பெர்டான் 1866இல் அதைக் கூட்டின் அடியிலேயே அமைத்தார். ஆகவே தீ செல்லும் துளைகள் இரண்டாகி ஓரத்தில் ஒதுங்கின. அதே ஆண்டில் ஆங்கிலேயப் படை அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் அதைக் கேப்புக்குள்ளேயே வைத்தார். கூட்டின் நடுவே ஒரே துளை போதுமானதாயிற்று. அத்துளை வழியே ஊசியைச் செலுத்தினால் பழைய கேப்பு எளிதில் வெளிவரும். விந்தை என்னவென்றால், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது!

சுட்ட கூடு சற்றே விரிந்திருக்கும். அதை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவர். பின்னர் புதுக் கேப்பைப் பதித்து, மருந்தை நிறுத்து இட்டு, குண்டைப் பொருத்துவர். பொற்கொல்லர் குன்றிமணியால் பொன் நிறுத்ததுபோல, இவர்கள் மருந்தை 'கிரெய்ன்' கணக்கில் நிறுப்பர். 1 கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெய்ன்.

இவ்வளவு நுட்பம் ஏன்? பழைய கருமருந்து கூட்டை நிறைத்துவிடும். மறந்துபோய் இருமுறை இட இடமிராது. 1884இல் பிரான்சில் பால் வியெய் உருவாக்கிய புகையில்லா மருந்தோ ஆற்றல் மிக்கது. குறைந்த அளவே போதும். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் சிலவற்றில் இரு மடங்கு மருந்தும் அடங்கிவிடும். அதைச் சுட்டால் துப்பாக்கியே சிதறக்கூடும். ஆலையில் சோதிக்கப் பல கண்கள் உண்டு. வீட்டிலோ செய்பவரின் கண்கள் மட்டுமே.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றமாகும். அமெரிக்காவிலோ ஒருவர் தம் சொந்தப் பயனுக்கு நிரப்பிக்கொள்ள நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை. அங்கே காவல் முழுவதும் தனிமனிதரின் கவனத்தையே சார்ந்திருக்கிறது. சிக்கனத்தின் பயனைக் கணக்கிடுவோர் இந்தச் சுமையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.