நகரத்தை ஒட்டிக் காட்டும் ஓவியம்

செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூர்க் குன்றில், பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. அச்சிற்பத்தைக் காண விரும்புவோர் அதனை நாடிச் செல்லுதல் வேண்டும். கடைத்தெருவிலோ நிலைமை வேறு. சுவரொட்டியும் விளம்பரப் பலகையும், கடையின் பெயர் தாங்கிய மஞ்சள் பையும் நாம் நாடாமலே கண்முன் வந்து நிற்கின்றன. இவ்வாறு நம்மைத் தேடி வரும் படங்களையே மூலப்பொருளாகக் கொண்டு ஆக்கும் கலையை மேனாட்டார் 'பாப் கலை' என்பர்.

1956-இல் இலண்டனில் ரிச்சர்டு ஹாமில்டன் என்பவர் இதழ்களின் படங்களைக் கத்தரித்து ஒட்டி, ஓர் இல்லத்தின் காட்சியைப் படைத்தார். தொலைக்காட்சிப் பெட்டி, ஒலிப்பதிவுக் கருவி, தகரத்தில் அடைத்த இறைச்சி முதலியன அதில் நிறைந்துள்ளன. இத்தகைய படைப்பை ஒட்டுச் சித்திரம் எனலாம்.

கத்தரியும் பசையும் செய்த இவ்வேலையை அச்சுத்திரையும் செய்ய வல்லது. அது எங்ஙனம்? சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய வலைத்துணியில், ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசுவர். அதன்மேல் படச்சுருளை வைத்து ஒளி பாய்ச்சுவர். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். நிழல் விழுந்த இடத்துப் பசையோ நீரில் கரைந்து போகும். பின்னர் மையை ஊற்றி ரப்பர்ப் பட்டையால் இழுத்தால், கரைந்த இடங்களின் வழியே மை இறங்கிப் படம் பதியும். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித் திரை வேண்டும். மஞ்சள் பையில் கடைப்பெயரைப் பதிப்பதும் இத்திரை அச்சுத்தான்.

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் இம்முறையில் 1963-இல் ஆக்கிய 'எஸ்டேட்' என்னும் படைப்பு ஏறத்தாழ 8 அடி உயரமுடையது. நியூயார்க்கின் தெருப்பலகைகள், சுதந்திர தேவியின் சிலை, விண்ணில் எழும் ராக்கெட் ஆகியவை அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துள்ளன. இடையிடையே தூரிகையின் வண்ணமும் ஓடுகிறது. இதில் ஒழுங்கு யாது என ஐயுறுவீர்கள். பேருந்து நிலையத்தில் ஒரு நொடி நின்று பாருங்கள். கோபுரமும் திரைப்படச் சுவரொட்டியும் நகைக்கடை விளம்பரமும் ஒருங்கே கண்ணில் படும். அவற்றுள் ஒழுங்கு ஏது? நகரம் நமக்குக் காட்சி தருவது துண்டுதுண்டாகவே அன்றோ!

நம் நாட்டிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர், கடைத்தெருவில் விற்கும் தெய்வப் படங்களை வெட்டி ஒட்டிய சித்திரங்களை 1965-இல் பம்பாயில் காட்சிக்கு வைத்தார்.

இக்கலை நமக்குத் தரும் பயன் யாது? விளம்பரம் "வாங்கு" என்று ஏவுகிறது. ஏவலுக்கு இணங்கும் விரைவில் நாம் அதனை ஆராய்வதில்லை. கலைஞன் அதனை வெட்டியெடுத்து வேறு படங்களின் அருகே நிறுத்தியதும் அவ்வேவல் வலுவிழக்கிறது. இது யாருக்காக, எந்த ஆசையைத் தூண்டச் செய்யப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. ஒரு வார நாளிதழ்களின் விளம்பரங்களை வெட்டி ஓர் அட்டையில் ஒட்டிப் பாருங்கள். அவற்றுள் உங்கள் தேவையைக் கூறுவன எத்தனை, தேவையைப் படைக்க முயல்வன எத்தனை என்று எண்ணுங்கள். அக்கணக்கை அறிந்த கண்ணை எந்தச் சுவரொட்டியும் எளிதில் ஏமாற்ற இயலாது.