பட்டம் இருக்கிறது, சமூக ஊழியராக வேண்டும்: அடுத்து என்ன படிக்கலாம்?



"ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருக்கிறேன். சமூக ஊழியராக ஆசை. ஒரு முதுநிலைப் பட்டம் படித்தால் போதுமா?" கல்வி, வேலை பற்றிய நமது கலந்துரையாடல்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்களில் உளவியல் படித்தவர்கள் உண்டு, கணக்கியல் படித்தவர்கள் உண்டு, பத்தாண்டு அலுவலக வேலை பார்த்துவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு. நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவள். சமூகப் பணி படித்தவள் அல்ல. ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. பொருந்தாத படிப்பில் சேர்ந்தால் பணமும் போகும், இரண்டு ஆண்டும் போகும், கடைசியில் சமூக ஊழியர் என்ற தகுதியும் கிடைக்காது. ஆகவே படிப்படியாகப் பார்ப்போம்.

தொண்டு வேறு, தொழில் வேறு

கோயிலில் அன்னதானம் பரிமாறுவதும் முதியோர் இல்லத்திற்குப் பழக்கூடை எடுத்துச் செல்வதும் தொண்டு. நல்ல மனம் இருந்தால் எவரும் செய்யலாம். சமூகப் பணி அப்படியல்ல, அது பயிற்சி தேவைப்படும் ஒரு தொழில்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்தில் வாடகை பாக்கி. பிள்ளைகள் இருவரும் சரியாகப் பள்ளிக்கு வருவதில்லை. கணவருக்குக் குடிப்பழக்கம். மனைவி வாய் திறப்பதில்லை. தொண்டூழியர் ஒரு மூட்டை அரிசி கொடுக்கலாம். சமூக ஊழியரோ முதலில், அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் இன்றிரவு அந்த வீட்டில் பாதுகாப்பாக இருப்பார்களா என்று கண்டறிய வேண்டும். தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு நீதிமன்றத்தை நாட வேண்டுமா, 'காம்கேர்' உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, குடிப்பழக்கத்திற்குச் சிகிச்சை வேண்டுமா, இவற்றில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு பிழைத்தால் அடிபடுவது ஒரு குழந்தையாக இருக்கலாம். இந்தத் தொழிலுக்குக் கட்டாயக் களப்பயிற்சியும் மூத்தவர்களின் மேற்பார்வையும் வைத்திருப்பது அதனால்தான்.

எழுபது ஆண்டுகளைக் கடந்த படிப்பு

சிங்கப்பூரில் சமூகப் பணிக் கல்வி 1952ஆம் ஆண்டில், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இங்கு வந்த ஆன் வீ அம்மையார், பின்னர் அந்தத் துறைக்குப் பல்லாண்டுகள் தலைமை வகித்தார். இங்குள்ள சமூகப் பணியின் தாய் என்று போற்றப்படும் அவர் 2019ஆம் ஆண்டில் மறைந்தார்.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, வேலை பார்த்து, பிறகு பல்கலைக்கழகம் சென்றவர். 1954ஆம் ஆண்டில் சமூகவியல் டிப்ளோமா பெற்றபோது அவருக்கு ஏறத்தாழ 30 வயது. அடுத்த ஆண்டு மருத்துவச் சமூக ஊழியராகப் பணியில் சேர்ந்தார். வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பட்டதாரிகளுக்கு மூன்று வழிகள்

முதல் வழி, சமூகப் பணியில் இளநிலைப் பட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இது உண்டு. பின்னது 2005ஆம் ஆண்டில் சிம் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 2017ஆம் ஆண்டில் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. அங்கே எஸ்.ஆர். நாதன் பெயரைத் தாங்கிய மனித மேம்பாட்டுக் கல்விப் பிரிவு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோர் அதிகம் நாடும் இடம் இது. ஆனால் ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு இது நீண்ட பாதை.

இரண்டாவது வழி, சமூகப் பணியில் பட்டதாரி டிப்ளோமா. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை இத்துறைக்குள் கொண்டுவருவதற்கென்றே அமைந்த படிப்பு இது. மேற்சொன்ன இரண்டு பல்கலைக்கழகங்களும் இதை வழங்கி வந்துள்ளன. கோட்பாடு, சட்டம், நேர்காணல் முறை ஆகியவற்றோடு களப்பயிற்சியும் உண்டு. துறை மாற நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது வழி, முதுநிலைப் பட்டம். குழப்பம் வருவது இங்கேதான். சிங்கப்பூரில் சமூகப் பணி முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே சமூகப் பணி படித்து, சில ஆண்டுகள் களத்தில் உழைத்தவர்கள் மேலும் உயர்வதற்கான படிப்பு. ஆழ்ந்த சிகிச்சைத் திறன், மேற்பார்வை, நிர்வாகம், ஆய்வு ஆகியவற்றை அது கற்பிக்கிறது. அத்துறையில் அடிப்படைத் தகுதி இல்லாதவர் நேரே அங்கு போய்க் கதவைத் தட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆய்விலும் கற்பித்தலிலும் நாட்டம் உள்ளவர்களுக்கு அதற்கும் மேலே முனைவர் பட்டம் இருக்கிறது.

வெளிநாட்டில் பெயர் ஒன்று, பயன் வேறு

இதே முதுநிலைப் பட்டம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு வேலை செய்கிறது. அமெரிக்காவில் எந்தத் துறைப் பட்டதாரியும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பின் வழியாகத் தொழிலுக்குள் நுழையலாம். அங்கே குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். ஆஸ்திரேலியாவில் தகுதி வழங்கும் முதுநிலைப் படிப்புக்கு 1,000 மணி நேரம். ஆகவே, அங்கே படித்துவிட்டு இங்கே வேலை செய்யலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இங்குக் குடியேறியவர்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது அங்கீகாரம். 1971ஆம் ஆண்டில் அமைந்த சிங்கப்பூர் சமூக ஊழியர்கள் சங்கத்தில், 2009ஆம் ஆண்டு முதல் அங்கீகார முறை நடப்பில் உள்ளது. ஏற்கப்பட்ட கல்வித் தகுதி, மேற்பார்வையுடன் கூடிய பணி அனுபவம் ஆகியவற்றைப் பார்த்தே பதிவு பெற்ற சமூக ஊழியர் என்ற தகுதி வழங்கப்படுகிறது. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்ந்து படிக்கவும் வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன் சங்கத்திடம் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஆலோசகர் படிப்பு போதாதா?

இதுவும் பலர் கேட்பது. ஆலோசனைத் துறை முதுநிலைப் பட்டம் நல்ல படிப்புதான். ஆனால் அது உங்களை ஆலோசகராக்கும், சமூக ஊழியராக்காது. ஆலோசகர் பெரும்பாலும் ஒருவரின் மனத்தோடு உரையாடுகிறார். சமூக ஊழியர் மனத்தோடும் பேசுவார், வீடமைப்பு அலுவலகத்தோடும் பள்ளியோடும் மருத்துவமனையோடும் நீதிமன்றத்தோடும் பேசுவார். உங்களுக்கு எது பிடிக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சேருவதற்கு முன்

குடும்பச் சேவை நிலையம் ஒன்றிலோ முதியோர் பராமரிப்பு நிலையத்திலோ ஆறு மாதம் தொண்டூழியம் செய்து பாருங்கள். பிறர் துயரத்தை அன்றாடம் கேட்டுவிட்டு, இரவில் தூங்க முடிகிறதா என்று தெரியும். அது தெரியாமல் படிப்பில் சேராதீர்கள்.

பணம் தடையாக இருந்தால் தேசிய சமூகச் சேவை மன்றத்தின் உபகாரச் சம்பளங்களைப் பற்றி விசாரியுங்கள். இதே மன்றம் இத்துறைக்கான சம்பள வழிகாட்டியையும் வெளியிடுகிறது. "இந்த வேலையில் என்ன வருமானம் வரும்?" என்று வீட்டில் கேட்டால், வாக்குவாதம் செய்யாமல் அதை எடுத்துக் காட்டுங்கள்.

இறுதியாக, உங்கள் தமிழை விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டி, தன் மகன் தன்னை வந்து பார்ப்பதில்லை என்பதை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொல்லவும் கூச்சப்படுவார். பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா, பாட்டி?" என்று கேட்கும் சமூக ஊழியரிடம் சொல்லலாம். அந்த நாற்காலியில் உட்காரும் தகுதியோடு நம்மவர்கள் இன்னும் பலர் வரவேண்டும். அதற்கான சரியான படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.