கொடையின் காலமும் குடும்பத்தின் காலமும்: போருக்குப் பிந்தைய வன்னியில் மீள்கட்டுமானத் திட்டங்கள்

திறவுச்சொற்கள்: வன்னி, மீள்குடியேற்றம், கொடைநிதி, வீடமைப்பு, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், நுண்கடன், கண்ணிவெடி அகற்றல்

முன்னுரை

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபோது வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அவற்றுள் மிகப் பெரியதான, வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தை அண்டிய மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் திரும்பியோர் கண்டவை பெரும்பாலும் கூரையற்ற சுவர்களும் தூர்ந்த கிணறுகளும் காடேறிய வயல்களுமே. தறப்பாளும் தகரமும் கொண்டு கொட்டிலமைத்து அவர்கள் தொடங்கிய வாழ்வுக்குப் பலவகைக் கொடைநிதிகள் துணைநின்றன. இங்குக் கொடைநிதி என்பது தொண்டு நிறுவனங்கள் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை மட்டும் குறிக்கவில்லை. வெளிநாட்டரசுகள் வழங்கித் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செலவான மானியத்தையும் குறிக்கிறது. வன்னியில் இவ்விரண்டும் தனித்தனியே இயங்கியது அரிது.

இத்திட்டங்கள் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் எனக் கணக்குரைக்கும் நிறுவன அறிக்கைகளாகவோ, பின்னணி அரசியலை ஆராயும் விமர்சனங்களாகவோ அமைகின்றன. இவ்விரண்டின் தேவையையும் மறுப்பதற்கில்லை. எனினும் இரண்டிலும் விடுபடும் ஒரு கூறு உண்டு. கொடைநிதி குறித்த திட்டக்காலத்துள் செலவிட்டுக் கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டியது. ஒரு குடும்பம் மீண்டெழும் காலம் வேறு. இவ்விரு காலங்களும் பொருந்தாத இடத்தில் சுமை யார் மேல் விழுகிறது என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

உரிமையாளர் தாமே கட்டும் வீடு

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளை இலக்காகக் கொண்டது. முன்னோடிக் கட்டமாக 1,000 வீடுகள் ஒப்பந்தக்காரர் மூலம் கட்டப்பட்டன. 2012 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வீட்டுக்குரியவரின் வங்கிக் கணக்குக்கே 5,50,000 இலங்கை ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது. வீட்டைக் கட்டுவிப்பது அவர் பொறுப்பு. ஐ.நா. மனித வாழிட நிறுவனமும் அரசின் வீடமைப்பு அதிகார சபையும் ஒருபுறம், செஞ்சிலுவைச் சங்கமும் மனிதநேயத்துக்கான வாழிடம் என்னும் தொண்டு நிறுவனமும் மறுபுறம் எனப் பணியைப் பகிர்ந்துகொண்டன.

2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின்னும் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் கையாளப்பட்ட இம்முறையின் நன்மைகள் உண்மையானவை. ஒப்பந்தக்காரரின் இலாபம் மிச்சமாகிறது. சமையலறை எத்திசையில் அமைய வேண்டும், வாசல் எங்கு நோக்க வேண்டும் என்பதை வீட்டார் முடிவுசெய்கின்றனர். ஏதிலியாய்ப் பல முறை இடம்பெயர்ந்தவர் தம் பெயரில் வந்த பணத்தைத் தாமே கையாள்வதும் சிறிய செய்தியன்று.

ஆயினும் இம்முறை வீட்டில் உழைக்கும் ஆள் ஒருவர் இருப்பார் என்னும் கருதுகோளை உள்ளடக்கியது. அத்திவாரம் முடிந்து, சுவர் எழுந்து, கூரை ஏறிய பின்னர் ஒவ்வொரு கட்டமும் பார்வையிடப்பட்டே அடுத்த தவணை விடுவிக்கப்படும். மணலுக்கு அனுமதி பெறுதல், சீமெந்துக்கு விலை பேசுதல், மேசனுக்குத் துணையாக நின்று கல்லும் நீரும் எடுத்துக் கொடுத்தல், அலுவலர் வரும் நாளில் வீட்டிலிருத்தல் ஆகிய அனைத்தும் உரிமையாளரின் பங்கு. கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்ணொருவர் இவற்றைச் செய்யும் நாளில் கூலிக்குச் செல்ல இயலாது. வீட்டுக்கு ஒதுக்கிய நிதியில் அவர் இழந்த கூலிக்கு இடமில்லை. ஒரே பருவத்தில் பல்லாயிரம் வீடுகள் எழுந்தமையால் பொருள் விலையும் மேசன் கூலியும் ஏறின. நகையை அடைவு வைத்தும் கடன் பெற்றும் குடும்பங்கள் அடுத்த தவணைக்குரிய கட்டத்தை எட்டின. கூரை ஏறியதும் திட்ட அறிக்கையில் அவ்வீடு நிறைவுற்றதாகிவிடும்; வட்டி அதன் பின்னரும் தொடரும்.

காணி ஆவணத்திலும் இதே சிக்கலுண்டு. வன்னிக் குடியேற்றங்களில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற அரச காணி. அப்பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரிலேயே இருந்தது. அவன் இறந்தமைக்குச் சான்றிதழ் இருந்தால் மனைவி பின்னுரிமை கோரலாம். காணாமற்போயிருப்பின் அவள் சட்டத்தின் முன் மனைவியுமல்லள், கைம்பெண்ணுமல்லள். காணாமற்போனமைச் சான்றிதழுக்கான சட்டம் 2016இல்தான் வந்தது. அதற்குள் வீடமைப்பின் முதன்மையான ஆண்டுகள் கடந்துவிட்டன. அச்சான்றிதழை ஏற்பது தேடலைக் கைவிடுவதாகும் எனப் பல தாய்மார் தயங்கியமையும் இங்கு நினைக்கத்தக்கது. பின்னுரிமையில் ஆண்மக்களுக்கு முதலிடம் தந்த அச்சட்டத்தின் விதி 2022இல்தான் திருத்தப்பட்டது.

கடன்

ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கில் விரைந்து பரவின. சொத்துப் பிணை வேண்டாம். அயலவர் சிலர் குழுவாகி ஒருவருக்கொருவர் பிணைநின்றால் போதும். தவணை வாரந்தோறும் வீட்டு வாசலில் வசூலிக்கப்பட்டது. ஒருத்தி கட்டத் தவறின் அயலவள் கட்ட நேரும். போருக்குப் பின் ஊர்களில் எஞ்சியிருந்த பெருஞ்செல்வம் அயலுறவே என்பதை எண்ணினால், இம்முறை எதனை அடகு கேட்டது என்பது விளங்கும். 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்ததும், அதே ஆண்டு செப்டெம்பரில் வெளிநாட்டுக் கடன் குறித்த ஐ.நா. சுயாதீன நிபுணர் இலங்கை வந்து இச்சிக்கலைத் தம் ஆய்வில் சேர்த்ததும் அதன் அளவைக் காட்டும். கொடைத் திட்டங்கள் இக்கடனைத் தோற்றுவித்தன என்பது மிகைக் கூற்று. வறட்சி, விலையேற்றம், தொழிலின்மை ஆகியனவும் காரணங்கள். ஆனால் வீட்டையும் வருமானத்தையும் வெவ்வேறு திட்டங்களாகப் பிரித்தமை அக்கடனுக்கு வாயிலைத் திறந்தது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

நிலம் மீட்கும் கூலி

இதற்கு மாறான ஒரு துறை கண்ணிவெடி அகற்றல். பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களான ஹலோ ட்ரஸ்ட், மெக் ஆகியவை போர்நிறுத்தக் காலமான 2002 முதல் இலங்கையில் பணியாற்றி வருகின்றன; டாஷ் என்னும் உள்நாட்டு நிறுவனம் 2010இல் தோன்றியது. பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் முகமாலை, நீண்டகாலம் போர்முனையாக இருந்தமையால் வெடிகள் மிகச் செறிந்த நிலம். பல வெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருப்பதால் கருவியை மட்டும் நம்பவியலாது; நீண்ட கைப்பிடியுள்ள இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரியெடுத்துத் தேடுவர். இப்பணியில் கணவனை இழந்தோரும் குடும்பத்தைத் தனித்துத் தாங்குவோருமான பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். மாதந்தோறும் வரும் சம்பளம், உள்ளூரிலேயே வேலை, மீட்கப்படுவதோ தம் அயலவரின் காணி. திட்டச்செலவே குடும்பத்தின் வருமானமாகவும் அமைந்த அரிய இடம் இது.

ஆனால் இவ்வேலை, செம்மையாகச் செய்யச் செய்யக் குறைந்துகொண்டே வருவது. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி வெடிநிலங்களை முற்றாகத் துப்புரவாக்கும் கெடு 2028 ஜூன் 1. கெடு நீடிக்கப்படலாம், நிதி அதற்கு முன்னரே வற்றவும் கூடும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தியபோது உலகெங்கும் வெடியகற்றும் பணிகள் தடைப்பட்டமை இதற்குச் சான்று. இருபதுகளில் இப்பணிக்கு வந்த பெண்ணுக்கு அது முடியும்போது நாற்பது வயதாகலாம். மண்டியிட்டே உழைத்த முழங்கால்களோடு அவர் வேறு தொழில் தேட வேண்டும். நிறைவுக் கட்ட நிதி ஒப்பந்தங்களில் துப்புரவாக்க வேண்டிய சதுர மீட்டரோடு, பணியாளரின் அடுத்த தொழிலுக்கான பயிற்சியும் இடைக்கால ஊதியமும் செலவினமாக எழுதப்பட வேண்டும். அதனை எழுதும் காலம் 2028க்கு முன்னரே உள்ளது.