கரையும் கலங்கலும்

பாண்டி பஜாரில் துணிமணி வாங்கிக்கொண்டு பனகல் பூங்காவின் ஓரமாக நடந்து போகிறவர்களுக்கு, தாங்கள் ஓர் ஏரியின் உள்வாயில் நடக்கிறோம் என்ற பிரக்ஞை சாதாரணமாக இருப்பதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் 'லாங் டாங்க்' என்று பெயரிட்டழைத்த அந்த நீர்ப்பரப்பில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் படகுப் பந்தயம் விட்டுக் களித்தார்கள். 1920-களில் நகரத்துக்கு இடம் போதாமற் போனபோது ஏரி மனைகளாயிற்று. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடும் பெயரளவில் மிஞ்சியிருக்கின்றன.

பயிருக்காகக் கட்டிய ஏரியில் அன்று உல்லாசம் உபரியாகக் கிடைத்தது. இன்று சென்னையில் எஞ்சியுள்ள ஏரிகளிலோ பாசனம் போய் உல்லாசமே பிரதானமாகிவிட்டது. சேத்துப்பட்டு ஏரியில் 2016 முதல் படகு விடுகிறார்கள். புறநகரில் பல ஏரிக்கரைகள் நடைபாதைகளாகியிருக்கின்றன. இது நல்லதுதான். ஆனால் தண்ணீரை நம்பி வயல் வைத்திருந்தவன் கரையைப் பார்த்த பார்வை வேறு, காலைக் காற்று வாங்க வருகிறவர் பார்க்கும் பார்வை வேறு.

மண்கரை நீர் புகாத சுவரன்று. எந்த மண்கரையும் சிறிதளவு கசியத்தான் செய்யும், அது அதன் சுபாவம். ஆகையால் வெளிச்சரிவின் அடியில் ஈரம் கண்டவுடனே பதறவேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அந்த நீரின் நிறத்தை. தெளிவாகக் கசிந்து, அளவும் கூடாமல் இருக்கும் வரையில், கரை தன் மண்ணைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவே மண் கலந்து வரத் தொடங்கினால், உள்ளே துகள் துகளாக அரிப்பு நடந்து, வெளிப்புறத்திலிருந்து ஏரியை நோக்கி ஒரு துளை பின்னோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும். சில சமயம் கரையடித் தரையில் நீர் கொப்புளித்து, சுற்றிலும் மெல்லிய மணல் வளையம் கட்டிக்கொண்டு நிற்கும். அனுபவமில்லாதவர்கள் அதன் வாயில் களிமண்ணை அப்பி அடைத்துவிட்டால் நீர் வேறிடத்தில் அதைவிட வேகமாகக் கிளம்பும் என்பதால், விஷயம் தெரிந்தவர்கள் அதைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர் போல அடுக்கி, உள்ளே நீர் உயர்ந்து தன் பாரத்தாலேயே ஊற்றின் வேகத்தைத் தணிக்கும்படி செய்வார்கள். எலி வளையும், கரைமேல் வளர்ந்து பட்டுப்போன மரத்தின் அழுகிய வேரும் இந்த அரிப்புக்கு ஆயத்தமான வழிகள். மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி மாவட்டத்துத் திவாரே மண் அணை 2019 ஜூலையில் உடைந்து ஜனங்களை வாரிக்கொண்டு போனபோது, அமைச்சர் ஒருவர் பழியை நண்டுகளின்மேல் போட்டார். கசிவைப் பற்றி முன்னமே முறையிட்டிருந்த ஊரார் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

கசிவாவது அவகாசம் கொடுக்கும். கரையின் முகட்டைத் தாண்டி நீர் வழிந்தால் அவகாசமே கிடையாது. கல்லால் கட்டிய அணையின்மேல் வெள்ளம் புரண்டு போகலாம். மண்கரையின்மேல் புரண்டால் வெளிச்சரிவு கரைந்து கரையே போய்விடும். அதற்காகத்தான் பெரியவர்கள் முகட்டுக்குப் பல அடி தாழ்வாகக் கலங்கல் அமைத்து, மிஞ்சிய நீர் அதன் வழியே தானாக வெளியேறும்படி வைத்தார்கள்.

அந்த வழியை உல்லாசத்துக்காகக் குறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சௌத் ஃபோர்க் அணையைக் காட்டிலும் கொடிய திருஷ்டாந்தம் இல்லை. கால்வாய்க்கு நீர் தேக்குவதற்காகப் பென்சில்வேனியா அரசு கட்டிக் கைவிட்ட அந்த மண் அணையை, 1879-இல், கார்னெகி போன்ற கோடீசுவரர்கள் அங்கம் வகித்த மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று விலைக்கு வாங்கியது. அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்திய சொந்தக்காரர் பழைய இரும்பு விலைக்கு விற்றிருந்தார். புதியவர்கள் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டிகள் சௌகரியமாகப் போவதற்காக முகட்டைத் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து விட்ட மீன்கள் தப்பாமலிருக்கக் கலங்கலில் கம்பி வலை கட்டினார்கள். 1889 மே 31-ஆம் தேதி பெருமழையில் அந்த வலையைச் சருகும் கட்டையும் அடைக்க, ஏரி முகட்டைத் தாண்டிற்று. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் மாண்டார்கள். சங்கத்து உறுப்பினர் எவரும் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்கவில்லை.

அடையாற்றுக் கரைவாசிகளுக்கு இந்தக் கணக்கு வேறு ரூபத்தில் புரியும். 24 அடி ஆழம் தேக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும் மண்கரைதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. முன்னரே சிறுகச் சிறுகத் திறந்திருக்கலாகாதா என்ற வாதம் நியாயமானது, இன்னும் தீரவில்லை. ஆனால் அன்றிரவு ஷட்டரை மூடி வைத்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய விபரீதத்தையும் அந்த வாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் நீளம், கொள்ளளவு முதலிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. படகு விடும் சிற்றேரி அந்த வலைக்குள் அகப்படாது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபை ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தெடுத்தது. நம் நாளில் படகுச் சீட்டுக் கொடுக்க ஆள் இருக்கிற இடத்தில், மதகின் திருகைச் சுழற்றிப் பார்க்கவும், கலங்கலுக்கு அப்பால் வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கிறதா, வீட்டு மனையாகிவிட்டதா என்று போய்ப் பார்க்கவும் ஆள் உண்டா என்று கேட்கலாம். ஐப்பசியில் அடைமழை பிடித்துவிடும். ஆவணியிலேயே கேட்பது உசிதம்.