ரூவான் நகரைச் சுற்றிப் பார்ப்போமா?



இந்த மாத ஏட்டுக்கு ‘உலக நகரங்கள்’ என்று தலைப்பு கொடுத்து, சமூக அறிவியல் டீச்சர் சீட்டு குலுக்கிப் போட்டாங்க. மற்றவங்களுக்கு லண்டன், டோக்கியோ என்று தெரிந்த பேரா வந்தது. எனக்கு மட்டும் ‘ரூவான்’. இதென்ன ஊருன்னு முகம் சுளித்தேன். படித்த பிறகு, இந்தச் சீட்டு எனக்கு வந்ததே நல்லதுன்னு தோன்றியது. நான் நேரில் பார்த்ததில்லை. புத்தகத்தையும் படங்களையும் வைத்துத்தான் உங்களைக் கூட்டிப் போகிறேன். வாங்க!

எங்கே இருக்கிறது?

பிரான்சு நாட்டின் வடக்கில், செய்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது ரூவான். பாரிசிலிருந்து சுமார் 130 கி.மீ. அந்தக் காலத்தில் வடக்கேயிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளை ‘வடக்கத்தி ஆட்கள்’ என்ற பொருளில் நார்மன் என்றார்கள். 911-ஆம் ஆண்டு பிரான்சு அரசர் அவர்களுடைய தலைவர் ரோல்லோவுக்கு இந்தப் பகுதியைக் கொடுத்து சமாதானம் ஆனார். அப்படி வந்த பேர்தான் நார்மண்டி. அதன் தலைநகரம் ரூவான்.

பேராலயம்

இதன் இரும்புக் கோபுரம் 151 மீட்டர் உயரம். பத்து தென்னை மரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு வரும், அவ்வளவு! 1876 முதல் 1880 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். ஓவியர் மோனே 1892, 1893-இல் இதன் முகப்பை மட்டும் முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். ஒரே சுவர்தான். ஆனால் காலை வெயிலில் ஒரு நிறம், சாயங்காலம் வேறு நிறம். 1944-இல் போரில் குண்டு விழுந்து ஆலயம் சிதைந்தது. மறுபடி சரி செய்தார்கள். 2024 ஜூலையில் பழுது பார்க்கும்போது கோபுரத்தில் தீப்பிடித்தது. நல்லவேளை, சீக்கிரமே அணைத்து விட்டார்கள்.

பெரிய கடிகாரம்

தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு, அதன்மேல் தங்க நிறக் கடிகாரம். இதற்கு ஒரே ஒரு முள்தான்! மணி மட்டும் காட்டும், நிமிடம் காட்டாது. மேலே உள்ள ஒரு சிறு உருண்டை நிலா வளர்வதையும் தேய்வதையும் காட்டும். (நிமிட முள் இல்லாவிட்டால், காலையில் லேட்டாக வரும் நமக்கு எவ்வளவு வசதி!)

பழைய சந்தைத் திடல்

இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதினேன்.

ஜோன் ஆஃப் ஆர்க் ஒரு கிராமத்துப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. 1429-இல் பிரான்சுப் படையோடு போய் ஆர்லியன்ஸ் நகரத்தின் முற்றுகையை முறியடிக்க உதவினாள். அடுத்த வருடம் பிடிபட்டாள். அப்போது ரூவான் ஆங்கிலேயர் கையில் இருந்தது. இங்கே கொண்டு வந்து விசாரித்தார்கள். ஆண்களைப் போல உடை உடுத்தினாள் என்பதும் அவள்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. படித்த பெரியவங்க அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்க, அவள் தனியாக நின்று பதில் சொன்னாள். 1431 மே 30 அன்று இந்தத் திடலில் அவளை உயிரோடு எரித்தார்கள். வயது சுமார் 19. எங்க அக்கா வயசு.

கதை அதோடு முடியவில்லை. அவளுடைய அம்மா இசபெல் விடவில்லை. என் மகளுக்கு நியாயம் வேண்டும் என்று கேட்டார். மறு விசாரணை நடந்தது. முதல் விசாரணையின் கேள்வி பதிலை எல்லாம் எழுத்தர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் உதவின. 1456-இல் பழைய தீர்ப்பு செல்லாது என்று இதே ரூவானில் அறிவித்தார்கள். 25 வருடம் கழித்து! 1920-இல் அவளைப் புனிதர் என்றும் அறிவித்தார்கள்.

இன்று அந்தத் திடலில் அவள் பெயரில் 1979-இல் கட்டிய ஆலயம் இருக்கிறது. அதில் உள்ள வண்ணக் கண்ணாடிகள் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வேறொரு பழைய ஆலயத்தில் இருந்தவை. போருக்கு முன்னமே கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். அந்த ஆலயம் 1944-இல் அழிந்தது, கண்ணாடி பிழைத்தது.

தப்பு நடந்த இடத்தை எதுக்கு எல்லாருக்கும் காட்டுறாங்க, மூடி மறைக்கலாமேன்னு என் பக்கத்து பெஞ்சு தோழி கேட்டாள். மறைத்திருந்தால் நமக்கு ஜோனைத் தெரிந்திருக்குமா? ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு’ என்று யாராவது சொன்னால், இனிமேல் எனக்கு அந்தத் திடல்தான் ஞாபகம் வரும். அவள் பேசியதை யாரோ எழுதி வைத்ததால்தானே ஜெயித்தாள்? நீங்களும் எழுதுங்க. அடுத்த மாதச் சீட்டு உங்களுக்கு வரட்டும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி