அழாத பிள்ளையின் துக்கம்

"சினேகிதன் செத்த மறுநாளே வயிறாரச் சாப்பிடுகிறான், கல்நெஞ்சன்" என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் குறைகூற நாம் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்கு ஒரு கதை.

அமெரிக்க எழுத்தாளர் கத்தரின் பற்றர்சன் 1977இல் எழுதிய 'ரெறபித்தியாவுக்குப் பாலம்' என்னும் நாவலில் வரும் ஜெஸ், வேர்ஜினியாவில் ஓர் ஏழைக் குடும்பத்துச் சிறுவன். வீட்டுப் பசுவில் பால் கறப்பது அவன் பொறுப்பு. அவனது உயிர்த்தோழி லெஸ்லி, ஓடையைக் கடக்கையில் கயிறு அறுந்து இறந்துபோகிறாள். ஜெஸ் அழவில்லை. மறுநாட் காலை விரும்பிச் சாப்பிடுகிறான்; தமக்கைக்கு அது பொறுக்கவில்லை. பின்னர் தங்கையை அடிக்கிறான். லெஸ்லி அன்பளித்த வர்ணங்களை ஓடையில் எறிகிறான்.

தேடிவந்த தகப்பனார் புத்தி சொல்லவில்லை. மடியில் இருத்தி அணைத்துக்கொள்கிறார். வேதாகமத்தை நம்பாத லெஸ்லி நரகத்துக்குப் போவாளோ என்று மகன் கேட்க, கடவுள் சிறுபிள்ளைகளை அங்கே அனுப்பமாட்டார் என்கிறார். குருக்களாகிய எங்களைவிட நன்றாகவே பிரசங்கித்துவிட்டார்!

பற்றர்சன் 1932இல் சீனாவில் மிசனரிமாரின் மகளாகப் பிறந்து, யுத்தத்தால் சிறுவயதிலேயே இடம்பெயர்ந்தவர். 1974இல் தமது மகனின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்தபின்பே இந்நாவலை எழுதினார்.

கதைமுடிவில் ஜெஸ், லெஸ்லி வீட்டில் கிடந்த பலகைகளால் ஓடைக்குக் குறுக்கே பாலம் போடுகிறான். தான் அடித்த தங்கையைக் கைபிடித்து அதன்மேல் அழைத்துச் செல்கிறான்.