பிக்-அப்பா, எஸ்யூவியா? நெய்வேலி குடும்பத்துக்கு எந்த வண்டி சரிப்படும்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு என்பது வேலை முடிவதோடு நிற்பதில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யணும். இந்திரா நகரிலோ வடலூரிலோ கட்டிய வீட்டுக்குக் குடிபோகணும். பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருந்தால் அதையும் இனி நேரில் பார்த்துக்கணும். அதுவரை கம்பெனி பஸ்ஸும் பைக்கும் போதும் என்று இருந்த வீட்டில், "ஒரு பெரிய வண்டி எடுத்துடலாமா?" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது.

முன்பெல்லாம் பெரிய வண்டி என்றால் ஸ்கார்ப்பியோ, இன்னோவா, வசதி இருந்தால் ஃபார்ச்சூனர். இப்போது அந்தப் பட்டியலில் பிக்-அப்பும் சேர்ந்திருக்கிறது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் பலாப்பழம் ஏற்றலாம். ஒரே வண்டியில் இரண்டு வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடும்பத்துக்கு அது உண்மையிலேயே ஒத்துவருமா?

பிக்-அப் ஆசை எங்கிருந்து வந்தது?

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு டொயோட்டா ஹைலக்ஸ் புதிதல்ல. அங்கே தெருவுக்குத் தெரு அது நிற்கும். தாய்லாந்தில் பிக்-அப்புக்குக் கார்களைவிடக் குறைந்த கலால் வரி என்பதால், நடுத்தரக் குடும்பங்களே அதை வீட்டு வண்டியாக வைத்திருக்கின்றன.

இந்தியாவில் கதை வேறு. தனிப்பட்ட உபயோகத்துக்கான பிக்-அப் என்ற ஆசையைப் பரவலாக்கியது 2016-ல் வந்த இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். அறிமுகத்தின்போது சென்னை ஷோரூம் விலை ₹12.49 லட்சம். இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹைலக்ஸ் 2022-ல் இங்கே வந்தபோது தொடக்க விலையே ₹33.99 லட்சம். ஆக, பிக்-அப் எடுத்தால் மலிவாக முடியும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடித்தளம் ஒன்று, பயணம் வேறு

ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் லாரி மாதிரி தனி சேஸிஸ், அதன் மேல் பாடி. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின்கூட ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

பின் சக்கரத்துக்கு மேலே. ஹைலக்ஸில் பின்னால் இருப்பது பட்டை பட்டையான லீஃப் ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவதற்காக அமைத்தது. லோடு இருந்தால் அமைதியாகப் போகும். காலியாகப் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சீட்காரர்களைத் தூக்கிப்போடும். ஃபார்ச்சூனரில் காயில் ஸ்பிரிங். ஆட்கள் உட்கார்ந்து போவதற்கென்றே அமைத்தது.

அடுத்தது பின்சீட். பிக்-அப்பில் கேபின் சுவர் சீட்டுக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். அதனால் முதுகுச்சாய்வு நிமிர்ந்தே இருக்கும்; சாய்த்துக்கொள்ளப் பெரும்பாலும் வழியில்லை. வடலூருக்குப் போய்வர இது பெரிய விஷயமல்ல. முதுகுவலி உள்ள அம்மாவைச் சென்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாளில் இதுதான் முதல் விஷயம்.

நீளத்தையும் பார்க்கணும். ஹைலக்ஸ் 5,325 மி.மீ., ஃபார்ச்சூனர் 4,795 மி.மீ. அரை மீட்டருக்கும் மேல் வித்தியாசம். டவுன்ஷிப் வட்டங்களின் அகலமான சாலைகளில் இது உறைக்காது. மந்தாரக்குப்பம் கடைவீதியிலும், தைப்பூச நாளில் வடலூரில் பார்க்கிங் தேடும்போதும் உறைக்கும். புது வீட்டு போர்ட்டிகோவை டேப் வைத்து அளக்காமல் புக் செய்யவே கூடாது.

"லோடு ஏத்தலாம்ல?"

ஏற்றலாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும்: காலி வண்டியின் எடை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி சுமக்கக்கூடியது. பலர் கவனிக்காதது, அதில் ஆட்களின் எடையும் அடக்கம். தலா 65 கிலோ வீதம் ஐந்து பேர் என்றால் 325 கிலோ போய்விடும். மிச்சம்தான் பலாப்பழத்துக்கும் முந்திரி மூட்டைக்கும். புக்கிங்குக்கு முன்பே அந்த இரண்டு எண்களையும் ஷோரூமில் எழுதி வாங்கிக் கழித்துப் பார்த்துவிடுங்கள்.

அதிக பாரம் ஏற்றிப் பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ₹20,000 அபராதம்; கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000 தனி.

போர்டு நிறமும் முக்கியம். வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவை வெள்ளை போர்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிவாகும். இதே இசுஸுவின் டி-மேக்ஸ் எஸ்-கேப் சரக்கு வண்டி, மஞ்சள் போர்டு. அதற்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் எஃப்.சி. காட்டணும். வெள்ளை போர்டு வண்டியில் பக்கத்துத் தோப்புக்காரர் சரக்கை வாடகைக்கு ஏற்ற முடியாது. "சும்மா நிக்கிற நேரத்துல ஓட்டிச் சம்பாதிச்சுக்கலாம்" என்ற யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடலாம்.

பின்னால் ஆட்கள் ஏறலாமா?

கூடாது. நம்ம ஊரில் காதுகுத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் குட்டியானையில் ஆட்களை ஏற்றிப் போகும் பழக்கம் இருப்பதால், பிக்-அப் வாங்கினால் பசங்க பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே சீட் இல்லை, பெல்ட் இல்லை, மேலே கூரை இல்லை. ஒரு சடன் பிரேக் போதும். சட்டமும் அனுமதிக்கவில்லை, விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பதும் சிக்கலாகும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் காருக்குள்ளேயே பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் ₹1,000 அபராதம்.

ஆகவே பிக்-அப் என்றால் ஐந்து பேர்தான். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று எண்ணினாலே ஆறு வந்துவிடுகிறது.

எஸ்யூவியில் குறையே இல்லையா?

இருக்கிறது. ஏழு சீட் என்று விளம்பரம் சொன்னாலும் மூன்றாவது வரிசை சிறுவர்களுக்குத்தான் சௌகரியம். வயதானவர்கள் உள்ளே நுழைவதே சிரமம். ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் பெட்டி வைக்க இடம் கொஞ்சம்தான். ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர் போன்றவை உயரமும் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இன்னோவா மாதிரி தாழ்வான வண்டியே எளிது. இந்தப் போட்டியில் பெயரே இல்லாத அந்த வகையையும் ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பில் நட்சத்திரக் குறியீட்டைப் பிரித்துப் படிக்கணும். 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஸ்கார்ப்பியோ-என் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது. குழந்தைகள் பாதுகாப்பில் 3. 2023-ல் டாடா சஃபாரி இரண்டிலும் 5. பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் இரண்டாவது எண்ணையும் கேட்காமல் விடக் கூடாது.

தானே, ஃபெஞ்சல், 2015 வெள்ளம் என எல்லாவற்றையும் பார்த்த மாவட்டம் கடலூர். மழை என்றால் உயரமான வண்டி வேணும் என்ற எண்ணம் நியாயமானது. அந்த உயரம் எஸ்யூவியிலும் கிடைக்கிறது. ஆனால் எந்த வண்டியானாலும், ஓடுகிற வெள்ளத்துக்குள் இறக்குவது உயிரோடு விளையாடுவது. பிக்-அப்பின் திறந்த தொட்டியில் மழை இறங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். மூடி போட்டால் கூடுதல் செலவு. இல்லையென்றால் பெட்டிகளுக்குத் தார்ப்பாய்தான்.

பணம் என்ன சொல்கிறது?

பணிக்கொடைச் சட்டத்தின் உச்சவரம்பு 2018 முதல் ₹20 லட்சம். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்ததற்கு வரும் அந்தத் தொகையைவிட ஒரு பிக்-அப்பின் விலை அதிகமாகிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் நவம்பர் 2023 முதல் புதிய கார்களுக்கான ஆயுள் வரி, ₹10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 18%. ₹20 லட்சத்துக்கு மேல் 20%. உதாரணத்துக்கு ₹30 லட்சம் பிக்-அப் என்றால் வரி ₹6 லட்சம். ₹18 லட்சம் எஸ்யூவி என்றால் ₹3.24 லட்சம். விலை, வரி இரண்டும் சேர்ந்து வித்தியாசம் ₹14.76 லட்சம். அதை 7% வட்டியில் போட்டு வைத்தாலே வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரும். தோப்பிலிருந்து வரும் சரக்குக்கு, சீசனில் குட்டியானை ஒரு நடைக்கு எவ்வளவு கேட்கிறது என்று விசாரித்து, வருஷத்துக்கு எத்தனை நடை என்று பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

அப்போ பிக்-அப் யாருக்கு?

வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது சொந்தச் சரக்கு ஏற்றுபவருக்கு. வீட்டில் ஐந்து பேருக்கு மிகாதவருக்கு. மழைக்குப் பிறகு சேறாகும் பாதையில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் போகவே முடியாத நிலம் வைத்திருப்பவருக்கு. அந்தப் பாதையில் இப்போது குட்டியானையே போய்வருகிறது என்றால், அந்தத் தேவையும் உண்மையில் இல்லை.

மற்றவர்களுக்கு எஸ்யூவி போதும். முடிவெடுக்கும் முன் மூன்று வேலை செய்யலாம். கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை நாள் ஆட்களோடு போனீர்கள், எத்தனை நாள் சரக்கோடு போனீர்கள் என்று காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் நெய்வேலியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் மூத்தவரை அழைத்துப்போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்து, விருத்தாசலம் வரையாவது ஓட்டிப் பாருங்கள். இறங்கும்போது அவர் சொல்வதை விற்பனையாளர் சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்.